ஒடுங்கிய அறையில் ஓர் இருப்புப்பாதை

நமது கல்லூரியின் யூபிலி ஆண்டில் அன்பர்கள் பலர் கட்டடங்களைப் பற்றியும் ஞாபகச் சின்னங்களைப் பற்றியும் பேசுகின்றனர். அவை வேண்டியவையே. நாமோ ஒன்பதடி நீளமும் ஐந்தடி அகலமும் கொண்ட ஒரு சாமான் அறையைப் பற்றியும், அதனுள் அமையக்கூடிய மாதிரி இருப்புப்பாதை ஒன்றைப் பற்றியும் ஈண்டுச் சில கூற விரும்புகின்றோம். பிள்ளை விளையாட்டென்று நகைக்க விரும்புவோர் இக்கட்டுரையை இறுதிவரை படித்தபின் நகைப்பாராக.

நாம் வாழும் அட்டாளைச்சேனைக்குப் புகையிரதம் வந்ததில்லை. 1864ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை ஓடத் தொடங்கிய வண்டி, 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை அடைந்து அங்கேயே நின்றுவிட்டது. கல்முனை, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் இக்கரையோரத்துப் பிள்ளைகள் புகையிரதத்தைக் காண வேண்டுமானால் பஸ்ஸேறிக் கல்லடிப் பாலத்தைக் கடந்து செல்லுதல் வேண்டும். அவர்களுள் ஒருவன் 'உதயதேவி' எவ்வாறு ஒரு பாதையிலிருந்து மறு பாதைக்கு மாறுகின்றது என்று நம்மிடம் வினவினான். சொல்லால் விளக்க முயன்று தோற்றோம். செய்துகாட்டுவோம் என்று துணிந்ததே இம்முயற்சியின் தொடக்கம்.

முதலிற் செய்த பிழையையும் மறைக்காது கூறுவோம். எல்லாரையும் போல நாமும் வண்டி சுற்றிச்சுற்றி ஓடும் வட்டப்பாதையையே விரும்பினோம். கடுதாசியில் அளவிட்ட பொழுதே அவ்விருப்பம் கலைந்தது. மலைநாட்டுப் பாதையின் மிகக் கூரிய வளைவுகள் ஐந்து சங்கிலி, அதாவது ஏறக்குறைய நூறு மீற்றர், ஆரையுடையன. அதனை நூறில் ஒரு பங்காகச் சுருக்கினும் வட்டத்தின் விட்டம் இரண்டு மீற்றராகும். நமது அறையின் அகலமோ ஒன்றரை மீற்றர். வளைவை மேலும் நெருக்கி எப்படியோ வட்டத்தை அடக்கினாலும், அறையில் மனிதன் நிற்க இடமில்லை. வட்டத்தைக் கைவிட்டோம். மெய்யான புகையிரதம் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்வதன்றிச் சுற்றிச்சுற்றி ஓடுவதில்லையே!

இடமின்மை என்பது மாதிரி செய்வோர்க்கு மட்டும் நேர்ந்த இடரன்று. 1924ஆம் ஆண்டிற் பதுளை வரை திறக்கப்பட்ட பாதையிலே, தெமோதரை நிலையத்தருகே வண்டி ஒரு பெருஞ்சுற்றுச் சுற்றி, அந்நிலையத்தின் அடியிலேயே அமைந்த சுரங்கத்தினூடு செல்கின்றது. நேரே இறங்க மலை இடங்கொடாமையின் பாதை தன்னையே சுற்றி இறங்கிற்று. மன்னம்பிட்டியில் மகாவலியின் மேல், 2007ஆம் ஆண்டில் வீதிக்கெனப் புதிய பாலம் திறக்கப்படும் வரை, புகையிரதமும் மோட்டார் வண்டிகளும் ஒரே இரும்புப் பாலத்தை முறைவைத்துப் பயன்படுத்தின. நெருக்கடியே இவ்விரு யுக்திகளையும் ஈன்றது.

இனி நமது திட்டத்தைக் கூறுவோம். எட்டடிக்கு நான்கடியான ஒட்டுப்பலகை ஒன்றை நீளவாக்கில் அரிந்தால் ஓரடி அகலமான நான்கு கீற்றுகள் கிடைக்கும். அவற்றுள் ஒன்றை நெடுஞ்சுவரிலும், இன்னொன்றிற் பாதியைக் குறுஞ்சுவரிலும் மார்பளவு உயரத்திற் பொருத்தி, இரண்டும் கூடும் மூலையில் முக்கோணத் துண்டு ஒன்றைச் செருகினோம். பலகைகளின் கீழே நெல்மூடைகளும் பழைய புத்தகங்களும் முன்போலவே இருக்கின்றன. நெடும்பலகை நிலையம். குறும்பலகை ஓர் அட்டைத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும். நிலையத்தை விட்டகன்ற வண்டி அங்கே சென்று தங்கி, பெட்டிகள் மாற்றப்பட்டு மீண்டும் வரும். கொழும்பும் பொலன்னறுவையும் மாகோவும் நான்கடிப் பலகையில் அடங்கிவிட்டன.

அளவைப் பற்றி நாம் கண்ட ஓர் உண்மையை மாணவர்க்குச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். இலங்கையின் அகலப்பாதை 1676 மில்லிமீற்றர் அகலமுடையது. கடைகளில் விற்கப்படும் மாதிரித் தண்டவாளங்களிற் பெருவழக்கானது 16.5 மில்லிமீற்றர். ஆங்கிலேயர் விரும்பும் 76இல் ஒரு பங்கு அளவிலே நமது பாதை 22 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். ஆகவே கடைத் தண்டவாளத்தில் அது காற்பங்கு குறுகித் தோன்றும். ஆனால் நூறில் ஒரு பங்கு எனக் கொண்டால் வேண்டியது 16.76 மில்லிமீற்றர். குறைவு கால் மில்லிமீற்றரளவே, கண்ணுக்குத் தெரியாது. கணக்கும் எளிதாகின்றது: ஒரு மீற்றர் ஒரு சென்ரிமீற்றர், இருபது மீற்றர்ப் பெட்டி இருபது சென்ரிமீற்றர். சில்லுகளையும் மோட்டாரையும் வாங்கலாம். பெட்டிகளை மாணவர் தாமே அட்டையாலும் மெல்லிய பலகையாலும் செய்தல் வேண்டும். பிறநாட்டு வண்டியை விலைக்கு வாங்கி ஓட்டுவதினும் நம்நாட்டு வண்டியை அளந்து செய்வதே கல்வியாகும் என்பது நமது அபிப்பிராயம்.

இத்துணைச் சிறிய பாதையில் என்ன வேலை நடைபெறும் என்று சிலர் கேட்பர். ஆங்கிலேயரான அலன் றைட் என்பார் வகுத்த 'இங்கிள்நூக்' என்னும் அமைப்பு அவர்க்கு விடை பகரும். மூன்று கிளைப்பாதைகள்: ஒன்றில் ஐந்து சரக்குப் பெட்டிகளும், ஏனைய இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கலாம். எஞ்சின் முன்சென்று திரும்பும் பாதையில் அதனுடன் மூன்று பெட்டிகளுக்கு மட்டுமே இடமுண்டு. மொத்தம் எட்டுப் பெட்டிகள். சீட்டுக் குலுக்கி எடுத்த ஒழுங்கில் ஐந்து பெட்டிகளைக் கோத்து ஒரு வண்டியாக்க வேண்டும். அவ்வாறு கோக்கக்கூடிய ஒழுங்குகள் 6,720. நமது அளவிலே இவ்வமைப்பு முழுவதும் நான்கடி நீளத்தில் அடங்கும்!

அட்டாளைச்சேனையில் நமக்குப் பகைவர் மூவர்: உப்புக்காற்று, மாரி, கறையான். ஆகவே நிக்கல் வெள்ளித் தண்டவாளத்தையே தேர்ந்து, ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் துடைக்கின்றோம். பலகையின் இருபுறமும் விளிம்புகளும் மாரிக்கு முன்னரே வர்ணம் பூசப்பட்டன. மின்சாரம் 12 வோல்ற்று மாத்திரமே. பிள்ளைகள் அஞ்ச வேண்டியதில்லை.

விளையாட்டு என்று இகழ்வோர் அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்றை அறிதல் நன்று. மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர் 1946ஆம் ஆண்டில் மாதிரி இருப்புப்பாதைச் சங்கம் ஒன்றை நிறுவினர். அவர்க்குக் கிடைத்த இடம் போர்க்காலத்தில் தற்காலிகமாக எழுப்பப்பட்ட மரக்கட்டடம். தொலைபேசிக் கருவிகளைக் கொண்டு வண்டிகளை இயக்கும் மின்சுற்றுகளை அமைத்த அவ்விளைஞருட் சிலர், பின்னர் கணினியின் முன் அமர்ந்தனர். 1962இல் தோன்றிய 'ஸ்பேஸ்வார்' என்னும் கணினி விளையாட்டை ஆக்கியோருள் அச்சங்கத்தாரும் இருந்தனர்.

இன்னொரு பாடமும் உண்டு. ஒற்றைப்பாதையில் ஒரு பகுதிக்குரிய அடையாள வில்லையைக் கையிற் பெறாத சாரதி அப்பகுதியுள் நுழைதல் ஆகாது என்பது புகையிரத விதி. நாமும் ஒரு மரத்துண்டை வில்லையாகக் கொண்டோம். நிலையத்தில் ஒருவன், திரைக்குப் பின் மற்றொருவன். மரத்துண்டு யார் கையில் உள்ளதோ அவனே வண்டியை விடலாம். அயல்வீட்டு முஸ்லிம் சிறுவனும் நமது மகனும் முதல்நாள் அதற்காகச் சண்டையிட்டனர். இரண்டாம் வாரத்தில் ஒருவன் கேளாமலே மற்றவன் நீட்டினான். நாம் யாதும் போதிக்கவில்லை.

ஆகவே கல்லூரி அதிபர் அவர்களுக்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் நமது வேண்டுகோள் இது. பெரிய மண்டபம் கேட்கவில்லை; உடைந்த கதிரைகள் அடைபட்டுக் கிடக்கும் ஓர் அறையைத் தாருங்கள். அளவிடுதலைக் கணித மாணவரும், மின்சுற்றைப் பௌதிக மாணவரும், நேரசூசியைக் கீழ்வகுப்பாரும் ஏற்கட்டும். அயற் பாடசாலைப் பிள்ளைகளும் வந்து ஓட்டட்டும். பலகைக்கும் கம்பிக்கும் ஆகும் செலவைப் பழைய மாணவராகிய நாம் பங்கிட்டுக்கொள்வோம். நமது பங்கை இப்பொழுதே தரச் சித்தமாயுள்ளோம்.

மட்டக்களப்புக்குத் தெற்கே மெய்யான தண்டவாளம் என்று நீளும் என்பது நம் கையில் இல்லை. நீளும் நாளில் அதனை அளக்கவும் அமைக்கவும் இயக்கவும் வல்லவர் இக்கரையோரத்தில் இருப்பரா என்பதோ நம் கையிலேயே உள்ளது.