மடிக்கணினி வாங்கும் முன்



உயர்தரம் படிக்கும் பிள்ளை மடிக்கணினி கேட்டால் மறுக்க மனம் வராது. ஆனால், ஒரு இலட்சம் ரூபாய் என்பது 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் 75 நாள் உழைப்பு. ஆகவே, மினுமினுப்பைப் பார்த்துத் தவணைக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம் என்கிறோம்.

4 ஜிபி ரேம் உள்ள புதியதைவிட, 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள பாவித்த மடிக்கணினியே மேல். விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் கடையிலேயே ஓடவிடுங்கள். எல்லா விசைகளையும் அழுத்திப் பாருங்கள். உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள். தவணைதான் வழி என்றால், மாதக் காசை அல்ல, மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோவுக்கும் கணக்குக் கேட்கும் நாம், கடையிலும் கேட்போம்.