ஒரு மாதம் இடம் கொடுங்கள்



தெருவில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களையும், சாக்கில் கட்டி வீசப்பட்ட பூனைக்குட்டிகளையும் தூக்கிவந்து வைத்தியம் பார்க்கும் தன்னார்வலர்கள் நாங்கள். கல்லூரி மாணவர்கள், கடை வைத்திருப்பவர்கள், குடும்பத் தலைவிகள் எனப் பலரும் இதில் இருக்கிறோம். பணம் கேட்டு இதை எழுதவில்லை. உங்கள் வீட்டில் ஒரு மூலையை, ஒரே ஒரு மாதத்துக்குக் கேட்கிறோம்.

அடிபட்ட பிராணியை மீட்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேர வேலை. தகவல் வந்ததும் ஆட்டோ பிடித்து ஓடுகிறோம், அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டுகிறோம். எலும்பு முறிவு மோசமாக இருந்தால் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி வரை கொண்டுபோகிறோம். அங்கே கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகுதான் திண்டாட்டமே. கட்டுப் போட்ட காலோடு அதை எங்கே விடுவது? எடுத்த இடத்திலேயே விட்டால் வண்டிச் சக்கரத்துக்கோ வேறு நாய்களுக்கோ தப்பாது. எங்களில் இடம் உள்ளவர்கள் வீடுகள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. இடம் இல்லாத ஒரே காரணத்தால், பிழைத்திருக்க வேண்டிய உயிர்களை இழக்கிறோம்.

காப்பகத்தில் விடலாமே என்று பலர் கேட்கிறார்கள். பெரிய நாய்க்கு அது சரி. தடுப்பூசி போடாத குட்டிக்குக் காப்பகத்தைப் போல ஆபத்தான இடம் வேறில்லை. பார்வோ என்று ஒரு வைரஸ் நோய் இருக்கிறது. நேற்றுவரை துள்ளிய குட்டி இன்று வாந்தி எடுக்கும், இரத்தமாகப் பேதியாகும், இரண்டு மூன்று நாளில் போய்விடும். நோய்க்கிருமி தரையிலும் தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆறேழு வாரக் குட்டிக்கு முதல் ஊசி போட்டு, மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்த ஊசிகளும் முடியும் வரை, நாய்க் கூட்டத்திலிருந்து தள்ளி ஒரு வீட்டில் இருந்தால்தான் அது தேறும்.

வீட்டில் வளர்வதில் வேறொரு நன்மையும் உண்டு. கடலூர் முதுநகரில் ஒரு வீட்டுக்குப் போன குட்டி, குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் ஓடி ஒளியும். மிக்சி சத்தத்துக்கு மூத்திரம் போய்விடும். பத்துப் பதினைந்து நாளில் அதே குக்கர் விசில் கேட்டால் சோறு வரப்போகிறது என்று அடுப்படி வாசலில் வந்து உட்கார ஆரம்பித்தது. பிள்ளைகள் காதைப் பிடித்தாலும் சீறாது, சொன்ன இடத்தில் போய்ப் படுக்கும் என்று ஆனபோது, தத்து கேட்டு வந்தவர்கள் யோசிக்காமல் வாங்கிப்போனார்கள். கூண்டில் வளர்ந்திருந்தால் அந்தப் பழக்கம் அதற்கு வந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மழைச்சாரல் படாத இடத்தில் ஒரு அட்டைப்பெட்டி, பழைய வேட்டி, நாளிதழ்க் காகிதம். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் குழைய வடித்த சோறும் வேகவைத்த கோழியும். மருந்து, ஊசி, வைத்தியச் செலவு எங்களுடையது. ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறோம்: கைவைத்தியம் வேண்டாம். மனிதருக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். உடம்பு சில்லிட்டுப்போன குட்டிக்குப் பால் புகட்டினாலும் ஆபத்து. முதலில் சூடு கொடுக்க வேண்டும், பிறகுதான் ஆகாரம். சந்தேகம் வந்தால் நடு இரவானாலும் எங்களை அழையுங்கள்.

நாயென்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. நாய் கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். ஊசி இலவசம், ஒரு தவணையும் விடக்கூடாது. முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளாத யாரையும் நாய் பிடிக்க நாங்கள் அனுப்புவதில்லை. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இனி காப்பகங்களில் நெருக்கடி கூடத்தான் செய்யும். குட்டிகளையும் நோயாளிகளையும் வீடுகள் ஏற்றுக்கொண்டால் அந்த நெருக்கடி அவ்வளவுக்குக் குறையும்.

எங்களை மிகவும் வருத்துவது பெட்டைக்குட்டிகளின் நிலை. ஆற்றங்கரையிலும் குப்பைமேட்டிலும் கோயில் வாசலிலும் கிடக்கும் குட்டிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் பெட்டைதான். ஆண்குட்டியை யாராவது கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பெட்டை சினைப்பட்டால் 63 நாளில் குட்டி போடும், யார் பார்ப்பது என்று ஒதுக்குகிறார்கள். கருத்தடை செய்துவிட்டால் அந்தக் கவலையே இல்லை. சென்னையில் புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு 1964-லேயே இந்த வழியைத் தொடங்கிவிட்டது. நாய்களைக் கொல்வதை விட்டு மாநகராட்சி இதற்கு வர 1996 ஆயிற்று. எங்கள் மூலம் தத்து போகும் பெட்டைக்குட்டிக்கு உரிய வயதில் கருத்தடை செய்து தருவது எங்கள் பொறுப்பு. அறுவை முடிந்து தையல் ஆறும்வரை, சுமார் பத்து நாள், அதற்கும் ஒரு மூலை வேண்டும்.

மழைக்காலம் நம் மாவட்டத்துக்கு எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். 2011 தானே புயல், 2015 பெருவெள்ளம், 2024 ஃபெஞ்சலில் கரைபுரண்ட தென்பெண்ணை, மூன்றையும் பார்த்த ஊர் இது. வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னால் உடனே கிளம்புங்கள். கிளம்பும் முன் மாட்டையும் ஆட்டையும் நாயையும் கட்டிலிருந்து அவிழ்த்துவிடுங்கள். அவிழ்த்துவிட்டால் நீந்தியாவது, மேட்டில் ஏறியாவது தப்பிக்கும். கட்டிப்போட்டது கட்டிய இடத்திலேயே மூழ்கும். நிவாரண முகாமில் சேர்க்க முடியாத பிராணியை எங்களிடம் விட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து வாங்கிக்கொள்ளலாம். அப்படி வருபவற்றை வைத்துக்கொள்ளத்தான் மேட்டுப்பகுதி வீடுகள் தேவை.

எல்லா உயிரிடமும் இரக்கம் காட்டச் சொன்ன வள்ளலார் பிறந்த மருதூர் சிதம்பரத்துக்குப் பக்கம். வடலூர் தருமச்சாலையில் 1867-ல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. ஆதரவற்ற, காயம்பட்ட பிராணிகளைப் பராமரிக்கும் அமைப்புகளுக்கு உதவ 2022-ல் தமிழக அரசு 20 கோடி ரூபாயில் அறிவித்த திட்டத்துக்கும் அவர் பெயர்தான் வைத்தார்கள். அரசின் உதவி கட்டடத்துக்கும் மருந்துக்கும் வரும். தூக்கம் வராமல் முனகும் குட்டியை நடு இரவில் எழுந்து தட்டிக்கொடுக்க ஒரு மனிதர்தான் வேண்டும்.

உங்கள் தெருவில் நாய்களுக்குச் சோறு வைக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரிடம் சொல்லிவையுங்கள், எங்களுக்குச் செய்தி வந்து சேரும். வளர்க்க முடியாதவர்கள் வண்டி ஓட்டலாம், மருந்து வாங்கித் தரலாம், பழைய சாக்கும் துணியும் கொடுக்கலாம். ஊருக்குப் போகும் மாணவர்கள், இத்தனை நாள் சோறு போட்ட பூனையையும் நாயையும் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ரயில் ஏறுங்கள். வாடகை வீடு என்று தயங்குபவர்கள் அதையும் சொல்லுங்கள்; வீட்டுக்காரரிடம் நாங்களே வந்து பேசுகிறோம்.

இப்படிக்கு,
கடலூர், சிதம்பரம் வட்டார விலங்கு மீட்புத் தன்னார்வலர்கள்