வாலுவுக்கு என்ன சமையல்?

அன்புள்ள வாசகர்களுக்கு,

போன கார்த்திகையில் ஒரு நாள் விடிகாலை ஐந்தரை மணிக்கு டொரண்டோவிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே முந்தின நாள் இரவு ஏழு மணி. அந்த நேரத்தில் போன் அடித்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எடுத்தால், “ஏண்டி, பல்லி பழம் சாப்பிடுமா?” என்கிறாள்.

விஷயம் இதுதான். அக்காவின் பேத்திக்குப் பதினோரு வயது. பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி கேட்டிருக்கிறாள், அடுக்ககத்தில் அனுமதியில்லை. பூனை கேட்டிருக்கிறாள், அவள் அப்பாவுக்குத் தும்மல் நிற்காது. கடைசியில் கெக்கோ என்று வந்து நின்றிருக்கிறாள். கெக்கோ என்றால் நம் பல்லியின் உறவுக்கூட்டம்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறார்கள். கடையில் கேட்டால், அதற்கு உயிருள்ள சுவர்க்கோழிப் பூச்சி போட வேண்டும், டப்பாவில் அடைத்துத் தருகிறோம் என்றார்களாம். அக்கா வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. “கும்பகோணத்துல விளக்குமாத்தால விரட்டினதை இங்க காசு குடுத்து வாங்கறது போதாதுன்னு, அதுக்குப் பூச்சியும் காசு குடுத்து வாங்கணுமாம். பத்திரிகை நடத்தறியே, விசாரிச்சுச் சொல்லு.”

எனக்குத் தெரிந்த பல்லியெல்லாம் டியூப்லைட்டுக்குப் பின்னால் இருப்பவை. என்னை நம்பி அவை பசியாறியதில்லை. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரைத் தேடிப் பிடித்தேன். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டார்: “எந்தப் பல்லி?”

நாம் கேட்க மறந்தது இதைத்தான். பேத்தி ஆசைப்பட்டது லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி, சிரிப்பது போன்ற வாய், மற்ற பல கெக்கோக்களுக்கு இல்லாத கண்ணிமை. பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கத்து வறண்ட பாறைப் பூமி அதன் பிறந்தகம். பூச்சி தின்றே வாழ்ந்த குலம். அதன் முன்னால் மாம்பழத்தை நறுக்கி வைத்தால் ஏறெடுத்தும் பார்க்காது. பசியில் ஒருவேளை வாய் வைத்தாலும் அந்தக் குடலுக்குப் பழம் ஆகாது. நம் வீட்டு ஆசாரத்தைப் பல்லிக்குப் போதிக்க முடியாது என்று மருத்துவர் சிரித்தார்.

பழம் சாப்பிடும் பல்லியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பிரான்சின் ஆளுகையில் இருக்கும் நியூ கலிடோனியாத் தீவுகளில் வாழும் க்ரெஸ்டட் கெக்கோ அது. கண்ணுக்கு மேலே இமைமயிர் போல வரிசையாக முள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இமை கிடையாது. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். 1866இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமாகி, பிறகு கண்ணில் படாமலே போனது. பூண்டற்றுப் போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1994இல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. முப்பதே வருஷத்தில் உலகத்தில் அதிகம் வளர்க்கப்படும் பல்லிகளில் ஒன்றாகிவிட்டது. காரணம் அதன் சாப்பாடுதான் என்பேன். காட்டில் அது கனிந்து விழுந்த பழத்தையும் பூந்தேனையும் நக்கும், அகப்பட்ட பூச்சியையும் பிடிக்கும். பல்லி தேன் குடிப்பது புதிதாகத் தோன்றுகிறதா? மொரீஷியஸில் ரூசியா என்றொரு செடி, மகரந்தச் சேர்க்கைக்கு நீலவால் பல்லி ஒன்றையே நம்பியிருக்கிறது.

க்ரெஸ்டட் கெக்கோவுக்கென்றே பொடி விற்கிறார்கள். ஒரு பங்கு பொடி, இரண்டு பங்கு தண்ணீர். கரைத்தால் தோசை மாவுப் பதம் வர வேண்டும். இரவில் நடமாடும் பிராணி என்பதால், விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு சின்ன மூடியில் ஊற்றிப் பெட்டிக்குள் சற்று உயரத்தில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மாலை மீதியை எடுத்துக் கொட்டிவிட வேண்டும். புளிக்க விடக் கூடாது. பூச்சியே இல்லாமல் இந்தப் பொடியிலேயே அது ஆயுசுக்கும் வாழும்.

“பொடி எதுக்கு? நல்ல வாழைப்பழமா மசிச்சு வெச்சா ஆகாதா?” என்று அக்கா கேட்டாள். நானும் அதையேதான் கேட்டிருந்தேன். ஆகாது. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். சாப்பாட்டில் பாஸ்பரஸைப் போல இரண்டு பங்கு கால்சியம் இருந்தால்தான் அது உடம்பில் ஒட்டும். நூறு கிராம் வாழைப்பழத்தில் கால்சியம் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. கணக்கு தலைகீழ். பப்பாளியில் 20க்கு 10, அளந்து வைத்தது போல. அத்திப்பழமும் தேவலை. அதற்காகப் பப்பாளியே முழுச் சாப்பாடாகிவிடாது. புரதமும் வைட்டமினும் எங்கே? வாரத்துக்கு ஒரு நாள், நாம் பாயசம் வைப்பது மாதிரி கொடுக்கலாம். கணக்குத் தவறினால் பல்லியின் தாடை ரப்பர் போல் வளையும், கால் கோணும். சுவர்க்கோழியிலும் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல ஏழு மடங்கு என்பதால், பூச்சி போடுகிறவர்களும் அதன்மேல் கால்சியம் தூள் தூவித்தான் போடுகிறார்கள்.

சரி, லெப்பர்ட் கெக்கோவை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள் என்ன செய்வது? உயிருள்ள பூச்சி வேண்டாம் என்றால், உயிரில்லாத பூச்சி. வேறு வழியில்லை. உறைய வைத்ததை இளக்கி, இடுக்கியால் பிடித்து அதன் முகத்துக்கு முன்னால் மெல்ல ஆட்டிக் காட்ட வேண்டும். அசைந்தால்தான் அதற்கு அது இரை. பூச்சியை அரைத்த பொடியை வெந்நீரில் கரைத்து, அல்வா போல உறைய வைத்துத் துண்டு போட்டும் கொடுக்கிறார்கள். சில பழகிக்கொள்ளும், சில என்ன செய்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாராவாரம் சமையலறைத் தராசில் எடை போட்டுப் பார்க்க வேண்டும். கொழுப்பைச் சேர்த்து வைப்பது வாலில்தான். வால் ஒட்டினால் பிடிவாதத்தை விட வேண்டியது நாம். உயிருள்ள பூச்சி வாங்கத்தான் வேண்டும். அது முடியாதென்றால் அந்தப் பிராணியை வாங்கியிருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. செலவை மிச்சம் பிடிக்கத் தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடுவது அதைவிட மோசம். அதன்மேல் என்ன மருந்து தெளித்திருக்கிறதோ! மின்மினி என்றால் இன்னும் ஆபத்து. ஒன்றே ஒன்று போதும், ஒரு பல்லியைக் கொன்றுவிடும்.

இங்கே சென்னையில் இதைப் படித்துவிட்டு க்ரெஸ்டட் கெக்கோ தேடக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அது 28 டிகிரிக்கு மேல் தவித்துப்போகும் பிராணி. நம் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். சுவரில் இருக்கும் பல்லியைப் பிடித்துப் பெட்டியில் போட்டுப் பொடி கரைத்து வைக்கும் யோசனையும் வேண்டாம். அது தன் விளக்கடியில் தன் விட்டில்பூச்சியோடு சௌக்கியமாக இருக்கிறது.

டொரண்டோவுக்கு க்ரெஸ்டட் கெக்கோவே வந்து சேர்ந்தது. ஓயாமல் தாவியதால் பேத்தி ‘வாலு’ என்று பெயர் வைத்தாள். பொடி டப்பாவை அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் படித்திருக்கிறாள். மோர்ப் புரதம், சரி. அடுத்த வரியில் முட்டை. மறுபடி ஐந்தரை மணிக்குப் போன். காட்டில் பூச்சி தின்கிற ஜீவனுக்குப் பழச்சத்து மட்டும் போதாது, அந்தப் புரதம் வேண்டும் என்று நான் சொன்னதை அரை மனதாய்க் கேட்டுக்கொண்டாள். தனி ஸ்பூன், தனி கிண்ணம், சமையலறைப் பக்கமே வரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

ஒரு மாதம் கழித்து எதற்கோ பயந்து வாலு வாலைக் கழற்றிப் போட்டுவிட்டது. நம் வீட்டுப் பல்லிக்கு முளைப்பது போல இந்த இனத்துக்கு மறுபடி முளைக்காது. காட்டிலும் பெரியவற்றில் பாதிக்கு மேல் மொட்டைதான் என்று மருத்துவர் சொன்னதைப் பேத்தியிடம் சொன்னேன். “அப்ப பேரை மாத்தணுமா, சின்னப் பாட்டி?” என்று அழுகைக்கு நடுவே கேட்டாள்.

பெயர் மாறவில்லை. நேற்றும் போன் வந்தது. பேத்தி பள்ளிச் சுற்றுலா போயிருக்கிறாளாம், இரண்டு நாள் அக்காவின் பொறுப்பு. “பொடி கொஞ்சம் கெட்டியாயிடுத்து. தண்ணி விட்டா நீர்த்துப்போறது. காலைல பாத்தா அப்படியே இருக்கு. கோச்சுண்டிருக்குமோ?” என்றாள். ஒரு நாள் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்றேன். சமாதானமாகவில்லை. “பப்பாளி இருக்கு. நாளைக்குத் துளி மசிச்சு மேல வெச்சுப் பாக்கறேன்.”

அன்புடன்,
ஆசிரியர்