வரிசையின் அறமும் சீட்டுச் சந்தையின் சூதும்

வரிசையில் நிற்றல் நம் நாட்டு மக்களுக்குப் புதியதொன்றன்று. பங்கீட்டு அரிசிக்கும் பாணுக்கும் நின்ற தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உளர். 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் நிலையங்களின் முன்னே இரவு பகலாகக் காத்துக் கிடந்தோரை நாம் எல்லோரும் கண்டோம். வரிசை துன்பமானது, எனினும் அதற்கென ஓர் அறம் உண்டு. முன்னே வந்தவர் முன்னே பெறுவர் என்பதே அது. செல்வருக்கும் வறியவருக்கும் நாளொன்றுக்குக் கிடைப்பது இருபத்து நான்கு மணித்தியாலங்களே. பணமில்லாதவர் தம் நேரத்தைச் செலுத்திப் பொருள் பெறத்தக்க சந்தை ஒன்று உண்டெனில் அது வரிசையேயாகும். அவ்வரிசை இன்று களவாடப்பட்டுவிட்டது. களவாடியவர் யார், அக்களவுக்கு உடந்தையாயிருப்போர் யார் என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இசை நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டுகளைத் தொகையாக வாங்கி, உரிய விலையைப் பன்மடங்காக்கி விற்கும் வாணிகத்தைப் பற்றிப் பேசும்போது, “வன்னி மாணவனுக்கு இதனால் வந்ததென்ன? இது நகரத்தாரின் ஆடம்பரக் கவலையன்றோ?” என்று வினவுவோர் இருக்கக்கூடும். அவர்களுக்கு விடை எளிது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வாழும் இளைஞர் ஒருவர் பெருங்கலைஞர் ஒருவரின் நிகழ்ச்சியைக் காண விரும்பின் யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ செல்ல வேண்டியவராகின்றார். அவருக்கு நுழைவுச்சீட்டும் வேண்டும்; பயண ஆசனமும் வேண்டும். இரண்டும் இன்று கைத்தொலைபேசித் திரையிலேயே விற்கப்படுகின்றன. அலைத்தொடர்பு தளர்ந்த கிராமத்திலிருந்து அத்திரையைத் தட்டுபவர் இரு சந்தைகளிலும் கடைசி மனிதராகவே நிற்கின்றார். ஆகவே இது நம் பிரச்சினை. நகரத்தாரைவிட நமக்கே இது கூடுதலாக உரியது.

முதலில் இவ்வாணிகத்தின் இயக்கத்தை விளங்கிக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, ஆயிரம் ஆசனங்கள் கொண்ட அரங்கொன்றில் சீட்டின் விலை 2,000 ரூபா எனக் கொள்வோம். வர விரும்புவோர் ஐயாயிரம் பேர். அவர்களுள் சில நூற்றுவர் 8,000 ரூபா கொடுக்கவும் ஆயத்தமாயுள்ளனர். அறிவிக்கப்பட்ட விலைக்கும் கொடுக்கத் துணிந்த விலைக்கும் இடையில் 6,000 ரூபா இடைவெளி கிடக்கின்றது. கலைஞர் தம் நற்பெயரையும், நிறைந்த அரங்கையும், இளைய இரசிகரின் நீண்டகால அன்பையும் கருதி அவ்விடைவெளியை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கின்றார். அது இரசிகருக்கு அவர் அளிக்கும் கொடை. இடையில் புகும் ஒருவர் இருநூறு சீட்டுகளைக் கைப்பற்றி விற்றாராயின் 12 இலட்சம் ரூபாவைத் தமதாக்கிக்கொள்கின்றார். அவர் பாடவில்லை, மேடை அமைக்கவில்லை, ஓர் ஆசனத்தையேனும் புதிதாக உண்டாக்கவில்லை. பிறர் அளித்த கொடையை வழிமறித்துப் பறித்தார் என்பதைத் தவிர அவர் செய்த தொழில் வேறெதுவுமில்லை.

முற்காலத்தில் இவ்வாணிகத்துக்கு ஓர் இயற்கையான எல்லை இருந்தது. திரைப்பட மாளிகையின் வாயிலில் கறுப்புச் சந்தைச் சீட்டு விற்றவர் தாமும் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அல்லது நிற்பதற்குச் சிலரைக் கூலிக்கு அமர்த்த வேண்டியிருந்தது. ஒரு கைக்கு இத்தனை சீட்டுகளே என்ற கட்டுப்பாடு அவருடைய ஆசைக்கு அணையிட்டது. கணினி அவ்வணையை உடைத்துவிட்டது. மனிதர் ஒருவர் தம் பெயரை எழுதி முடிப்பதற்குள், தானியங்கு நிரல்கள் நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பதிவுசெய்துவிடுகின்றன. மணித்தியாலங்களால் அளக்கப்பட்ட வரிசை நொடிகளால் அளக்கப்படலாயிற்று. மணித்தியாலங்களில் ஏழைக்கும் பங்கு உண்டு; நொடிகளில் இயந்திரம் உடையவருக்கே பங்கு.

இதற்குத் தொலைதேசச் சான்று தேட வேண்டியதில்லை. 2025 சனவரியில், எல்லவுக்குச் செல்லும் புகையிரதத்தின் இணையவழிச் சீட்டுகள் 42 நொடிகளில் விற்றுத் தீர்ந்தமை நம் நாட்டில் பேசுபொருளாயிற்று. 2,000 ரூபா பெறுமதியான சீட்டு வெளிநாட்டவருக்கு 16,000 ரூபாவுக்கு விற்கப்பட்டதாக அமைச்சரவைப் பேச்சாளர் நளிந்த ஜயதிஸ்ஸ தெரிவித்தார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரணையில் இறங்கியது, கைதுகளும் நிகழ்ந்தன. மலையகப் பாதையில் நடந்ததற்கு வடக்குப் பாதை விலக்காயிருக்கும் என்று நம்புவதற்கு எவ்விதக் காரணமுமில்லை. 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன புகையிரதம் 2013 செப்தெம்பரில் கிளிநொச்சியையும், 2014 ஒக்தோபரில் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் வந்தடைந்தது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டு காத்திருந்து மக்கள் மீளப்பெற்ற பொதுச் சொத்தின் ஆசனங்கள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்புவோரிடம் இலாபம் கறக்கும் கருவியாவதற்கு நாம் இடமளிக்கலாகாது.

இந்தியாவிலும் இதே கதையே நிகழ்ந்தது. 2024 செப்தெம்பர் 22 ஆம் திகதி, கோல்ட்பிளே இசைக்குழுவின் மும்பாய் நிகழ்ச்சிகளுக்கான சீட்டுகளை புக்மைஷோ நிறுவனம் இணையத்தில் விற்பனைக்கு விட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வாங்க முண்டியடித்தனர் எனச் செய்தி வெளிவந்தது. மிகக் குறைந்த விலைச் சீட்டு 2,500 இந்திய ரூபா. மறுவிற்பனைத் தளங்களிலோ இலட்சக்கணக்கில் விலை கூறப்பட்டது. இதனைத் தடுக்க வழிகாட்டு நெறி வேண்டுமெனத் தொடுக்கப்பட்ட பொதுநல மனுவை மும்பாய் உயர் நீதிமன்றம் 2025 சனவரியில் தள்ளுபடி செய்தது. சட்டமியற்றல் சட்டமன்றத்தின் பணி என்பதே அதன் நிலைப்பாடாயிருந்தது.

இவ்விடத்தில் பொருளியல் கற்ற நண்பர் சிலர் குறுக்கிடுவர். “கேள்வி மிகும்போது விலை ஏறுவது இயல்பு, மறுவிற்பனையாளர் சந்தையைச் சமநிலைப்படுத்துபவரேயன்றி வேறல்லர். ஆசனத்தை மிகவும் விரும்புபவரிடம் அதனைக் கொண்டு சேர்ப்பது அவரது சேவை” என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தில் ஒரு சொற்புரட்டு ஒளிந்திருக்கின்றது. மிகவும் விரும்புபவர் வேறு. மிகுந்த பணம் கொடுக்க வல்லவர் வேறு. முத்தையன்கட்டு விவசாயியின் மகன் ஒரு மாத உணவுச் செலவைக் குறைத்து 3,000 ரூபா சேர்ப்பதற்கும், கொழும்பு வணிகர் ஒருவர் 30,000 ரூபாவை அலட்சியமாக எடுத்து நீட்டுவதற்கும் இடையில், விருப்பம் யாரிடம் மிகுதி என்பதைப் பணத்தொகை எங்ஙனம் அளந்து காட்டும்?

இடைத்தரகர் என்பவர் யார் என்பதை வன்னி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் வயல் வாயிலுக்கே வந்து, கடன் நெருக்கடியில் இருக்கும் உழவரிடம் மலிவு விலைக்கு நெல்லை வாங்கிச் செல்லும் வணிகரை அவர்கள் நன்கறிவர். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என விலை குறித்ததும் அவ்வணிகரின் பிடியைக் கருதியேயாகும். ஆயினும் நெல் வணிகரிடம் லொறி இருக்கின்றது, களஞ்சியம் இருக்கின்றது, ஈரநெல் பழுதானால் அந்நட்டம் அவரையும் சாரும். அவருடைய இலாபத்தில் அநீதி இருப்பினும் உழைப்பும் ஓரளவு கலந்திருக்கின்றது. சீட்டு வணிகரிடமோ களஞ்சியமும் இல்லை, லொறியும் இல்லை. முன்பே நிறைந்துவிடக்கூடிய அரங்கின் வாயிலில் நின்று சுங்கம் வசூலிப்பவர் அவர். இதனைச் சேவை என்று அழைப்பது மொழிக்குச் செய்யும் தீங்காகும்.

எனினும் குற்றம் முழுவதையும் அவர் தலையில் சுமத்திவிட்டு நாம் அமைதி கொள்ளல் தகாது. மறைவில்லாத இடத்தில் கறுப்புச் சந்தை வேர்விடுவதில்லை. அரங்கில் எத்தனை ஆசனங்கள் உள்ளன, அவற்றுள் எத்தனை அனுசரணையாளருக்கும் அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் ஒதுக்கப்பட்டன, எஞ்சி எத்தனை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன என்பதை அமைப்பாளர் எவரும் வெளியிடுவதில்லை. 2023 செப்தெம்பர் 10 ஆம் திகதி சென்னையில் நடைபெற்ற ஏ. ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சியில், சீட்டு வாங்கியோர் பலர் நெரிசலால் உள்ளே நுழைய இயலாமல் திரும்பினர். அமைப்பாளர் மன்னிப்புக் கோர நேர்ந்தது. 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்த ஹரிகரனின் நிகழ்ச்சியில், இலவசப் பகுதியில் நின்றோர் தடுப்புகளைத் தாண்டிக் கட்டணப் பகுதிக்குள் புகுந்தமையால் நிகழ்ச்சி இடைநடுவில் தடைப்பட்டது. இவ்விரண்டும் மறுவிற்பனையால் விளைந்தவையல்ல. ஆனால் வருவோரின் எண்ணிக்கையும் இடத்தின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது சீட்டு என்னும் தாளின்மீதுள்ள நம்பிக்கையே அழிகின்றது என்பதை இரண்டும் உணர்த்துகின்றன. நம்பிக்கை அழிந்த இடத்தில், உட்கதவை அறிந்தவரே விலை பேசுகின்றார்.

தீர்வு இல்லையா எனின், உண்டு. பிற நாடுகள் அவற்றைக் கைக்கொண்டும் உள்ளன. யப்பான் 2019 சூன் முதல் அனுமதியற்ற உயர்விலை மறுவிற்பனையைச் சட்டத்தால் தடைசெய்தது. அந்நாட்டில் பெரிய நிகழ்ச்சிகளுக்குக் குலுக்கல் முறையும் பெருவழக்கு. குறித்த நாட்களுக்குள் எவரும் பெயர் பதியலாம். முந்தியவர் பிந்தியவர் என்ற வேறுபாடில்லை. பின்னர் குலுக்கலில் பெயர் வந்தவர் சீட்டுப் பெறுவர். இம்முறையில் நொடிக்கு மதிப்பில்லை. எனவே இயந்திரத்தின் வேகத்துக்கும் மதிப்பில்லை. மாங்குளத்தில் தளர்ந்த அலைத்தொடர்போடு இருப்பவரும் கொழும்பில் இருப்பவரும் ஒரே நிலையினராகின்றனர். அயர்லாந்து 2021 இல் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட பெரிய அரங்குகளின் சீட்டுகளை முகவிலைக்கு மேல் மறுவிற்பனை செய்வதைக் குற்றமாக்கியது. பிரித்தானிய அரசாங்கமும் 2025 நவம்பரில் இத்தகைய தடையைக் கொண்டுவரும் எண்ணத்தை அறிவித்தது. அமெரிக்கா 2016 இலேயே தானியங்கு நிரல்களால் சீட்டு வாங்குவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியிருந்தும், அதனை நடைமுறைப்படுத்திய முதல் வழக்குகள் 2021 இலேயே எழுந்தன. சட்டத்தை எழுதுதல் வேறு, அதனை ஆளுதல் வேறு என்பதற்கு இது சான்று.

“நம் நாட்டில் இவை நடவா” என்று கைவிரிப்போருக்கு நம் நாட்டு அனுபவமே மறுப்பாகும். 2022 யூலையில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி முறை, ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு குறியீட்டை அளித்து, வாராந்த அளவை அதனோடு பிணைத்தது. அதற்கு முன்னர் போத்தல்களில் பன்மடங்கு விலைக்குப் பெற்றோல் விற்றோரின் கொட்டம் அதன்பின் தணிந்தது; நாட்கணக்கில் நீண்ட வரிசைகளும் சுருங்கின. பெற்றோலைப் பிணைக்க முடிந்த நமக்கு ஆசனத்தைப் பிணைக்க முடியாதா? அடையாள அட்டை இலக்கம் சீட்டில் அச்சிடப்படுவதோடு நின்றுவிடாமல், பெட்டிக்குள்ளும் அரங்கின் வாயிலிலும் உண்மையாகவே பரிசோதிக்கப்படல் வேண்டும். செல்ல இயலாதவர் தம் சீட்டை வாங்கிய இடத்திலேயே வாங்கிய விலைக்குத் திருப்பிக் கொடுக்கவும், காத்திருப்போர் பட்டியலில் அடுத்துள்ளவர் அதனைப் பெறவும் வழி வேண்டும். இவ்விரண்டும் அமையுமாயின் இடைத்தரகருக்கு விற்பதற்குச் சரக்கும் இல்லை, சாட்டும் இல்லை.

சட்டம் வரும்வரை வாங்குவோர் செய்யத்தக்கனவும் உள. நுழைவுச்சீட்டு என்பது அழுகும் பண்டம். முல்லைத்தீவுக் கரையில் காலையில் ஏறிய மீன் விலை மாலையில் இறங்குவதை அறிந்த நாம் இதனையும் அறிதல் வேண்டும். நிகழ்ச்சி தொடங்கிய மறுகணம் அவர் கையிலுள்ள சீட்டு வெறுந்தாள். ஆகவே விற்பனை நாளின் பதற்றத்தில் அவர் கூறும் விலை உச்சவிலை. நிகழ்ச்சி நாள் நெருங்க நெருங்க அது பெரும்பாலும் இறங்கும். பொறுத்திருக்கத் தெரிந்தவரை அவர் ஏமாற்ற முடியாது. இரண்டாம் நாள் நிகழ்ச்சி அறிவிக்கப்படக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று. ஆசனம் பெருகினால் பதுக்கியவரே நட்டமடைவர். முகநூலிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் காட்டப்படும் சீட்டுப் படத்தை நம்பிப் பணம் அனுப்புதல் அறிவுடைமையன்று. ஒரே குறியீட்டைப் பத்துப் பேருக்கு விற்கலாம். வாயிலில் முதலில் நீட்டுபவரே உள்ளே செல்வார். தம் சீட்டைப் பெருமைக்காகப் படம்பிடித்து வெளியிடுவோரும் அக்குறியீட்டைத் திருடருக்குத் தாமே தானம் செய்கின்றனர். எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்விலைக்கு ஒருவர் வாங்கும் ஒவ்வொரு சீட்டும் அடுத்த நிகழ்ச்சியில் பதுக்குவதற்கான முதலீடாகின்றது. வாங்க மறுத்தலே வறியவரின் கையிலுள்ள வலிய படைக்கலம்.

வன்னி மண்ணில் கோவலன் கூத்தையும் காத்தவராயன் கூத்தையும் இரவிரவாகக் கண்டுகளித்த மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கியவர்களல்லர். ஊர் கூடிச் செலவைச் சுமந்தது. பாயோடு முன்னே வந்தவர் முன்னே அமர்ந்தார். அக்காலம் அப்படியே மீளும் என்று நான் கனவு காணவில்லை. கலைஞரும் வாழ வேண்டும். ஒலிபெருக்கிக்கும் ஒளிக்கும் பணம் வேண்டும். ஆனால் கலையைக் காணும் உரிமை பணப்பையின் கனத்தால் மாத்திரம் நிர்ணயிக்கப்படலாகாது என்னும் அவ்வூர் நெறியை நாம் கைவிட வேண்டியதில்லை.

இதனைப் பிறருக்கு உபதேசிக்குமுன் நம் வீட்டைத் துப்புரவு செய்வோம். பல்கலைக்கழகச் சங்கங்கள் நடத்தும் நாடக விழாக்களிலும் இசை மாலைகளிலும் முன்வரிசை ஆசனங்கள் எவருக்கு, எந்த அடிப்படையில் ஒதுக்கப்படுகின்றன? இலவச அனுமதி எத்தனை பேருக்கு வழங்கப்படுகின்றது? இவ்வெண்களை விழாவுக்கு முன்னரே அறிவித்தற் பலகையில் ஒட்டுவதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. துணிவு மாத்திரமே தேவை. இவ்வாண்டு விழாவிலிருந்தே நம் தமிழ்ச் சங்கம் இதனைத் தொடங்கட்டும். மொத்த ஆசனம், ஒதுக்கிய ஆசனம், விற்ற ஆசனம் என்னும் மூன்று எண்களையும் வெளியிட்டபின், அவ்வெண்களைப் புகையிரதத் திணைக்களத்திடமும் வணிக அமைப்பாளரிடமும் கேட்கும் தகுதி நமக்கு வந்துவிடும்.