மூவாயிரம் வெள்ளிக்கு மனக்கட்டுப்பாடு

சுவா சூ காங் லாட் ஒன் கடைத்தொகுதிக்கு அருகே ஒரு காப்பிக்கடை. பக்கத்து புளோக்கில் இருக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். ஒரு பங்கு, வாங்கிய விலையிலிருந்து நாற்பது விழுக்காடு இறங்கிச் சிவப்பாகக் கிடந்தது. "விக்க மனசு வரல, வச்சிருக்கவும் பயமா இருக்கு அண்ணே. டிரேடிங் சைக்காலஜி செமினார் ஒண்ணு, ரெண்டு நாள், மூவாயிரம் வெள்ளி. போகலாமா?"

அவர் சொன்ன நோய் உண்மையானது. நூறு வெள்ளி கிடைக்கிற சந்தோஷத்தைவிட நூறு வெள்ளி பறிபோகிற வலி பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் டிவெர்ஸ்கியும் 1979இலேயே காட்டினார்கள். லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்றுவிட்டு, நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழும் பழக்கத்துக்கு 1985இல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் பெயரே வைத்தார்கள். பிறகு டெரன்ஸ் ஓடின் அமெரிக்கத் தரகு நிறுவனம் ஒன்றின் பத்தாயிரம் கணக்குகளைப் புரட்டி அதே பழக்கத்தை எண்களில் கண்டார். செமினார்காரர்கள் இதைச் சொல்லும்போது பொய் சொல்லவில்லை.

அதற்கடுத்த படியில்தான் எனக்குச் சம்மதமில்லை. எல்லா நஷ்டத்துக்கும் மனசுதான் காரணமா? இந்தியாவின் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்த பெரிய நிறுவனங்களுக்கோ அந்த லாபம் பெரும்பாலும் கணினி வழி வணிகத்தில் வந்தது. அந்தக் கணினி வேகத்தின் எதிரே தியானமும் மூச்சுப் பயிற்சியும் எவ்வளவு தூரம் தாங்கும்? வாங்கும் முறையே பிசகு என்றால், மனம் அலைபாயாதவருக்கும் நஷ்டம்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கற்றுக்கொடுத்த முறை பலிக்காவிட்டால், "முறை சரிதான், உங்கள் மனநிலைதான் சரியில்லை" என்று சொல்லிவிடலாம். பழி மாணவர் தலையில் விழும், அடுத்த நிலை வகுப்புக்கும் அவரே பணம் கட்டுவார். பாடுபட்டுச் சேர்த்த காசையும் இழந்து, தன்மேல் இருந்த நம்பிக்கையையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். முதலீடு இருபதாயிரம் வெள்ளி என்றால், மூவாயிரம் என்பது அதில் 15 விழுக்காடு. வகுப்புக் கட்டணத்தை மீட்கவே நல்லதொரு ஆண்டின் லாபம் முழுக்கப் போய்விடும்.

தம்பியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு முறை வாங்குவதற்கு முன்பும் ஏன் வாங்குகிறோம், எந்த விலைக்கு இறங்கினால் வெளியேறுவோம் என்று எழுத வேண்டும். அந்த விலைக்கு ஸ்டாப் லாஸ் ஆர்டரையும் அப்போதே போட்டுவிட வேண்டும். ஐம்பது வணிகம் ஆனபின் கூட்டிப் பாருங்கள். விதியைக் காத்தபோது லாபம், மீறியபோது நஷ்டம் என்று வந்தால், கோளாறு மனசில்தான். நல்ல ஆசிரியர் கிடைத்தால் செமினார் பயன்படும். விதியைக் காத்தும் நஷ்டம் என்றால் மாற்ற வேண்டியது முறையை. அந்த நோட்டு இல்லாமல் போகிறவருக்கு எதைச் சரிசெய்யப் போகிறோம் என்பதே தெரியாது.

அடிப்படையைக் கற்க, 2003இல் தொடங்கிய சிங்கப்பூரின் தேசிய நிதிக் கல்வித் திட்டமான மணிசென்ஸ் இருக்கிறது. லாட் ஒன்னிலேயே பொது நூலகமும் இருக்கிறது.

கிளம்பும்போது ஒன்று கேட்டேன்: "தம்பி, இந்தப் பங்கு உங்ககிட்ட இல்ல, அதோட இன்னைய விலை காசா கையில இருக்கு. இப்ப இதையே வாங்குவீங்களா?" அவர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மாட்டேன்" என்றார். திங்கட்கிழமை பாதியை விற்றுவிட்டதாகச் செய்தி அனுப்பினார். மீதிப் பாதியைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.