பல பண்பாட்டு நகரமும் கோயிலுக்குள் ஒரு சுவரும்

புதுச்சேரியை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டும் 'பாரம்பரிய நடை' இப்போது நல்ல வியாபாரம். காசு கட்டி நானும் ஒன்றில் போனேன். பிரெஞ்சுக்காரர், தமிழர், கிறித்தவர், முஸ்லிம் எல்லாரும் தோளில் கைபோட்டு வாழ்ந்த ஊராம். வழிகாட்டிப் பையன் மூச்சுக்கு மூச்சு 'நல்லிணக்கம்' என்றான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறான். எழுதிக் கொடுத்தவர்களோடுதான் சண்டை.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம். இந்தக் கோட்டை மட்டும் ஒளிக்காமல் காட்டுகிறார்கள். வெள்ளைக்காரன் போட்ட கோடு பாருங்க, காட்டினால் இங்கே யாருக்கும் நட்டமில்லை. வாய்க்காலைத் தாண்டினால் வைசியாள் வீதி, வெள்ளாளர் வீதி. தெருப் பலகையிலேயே சாதி தொங்குது. அதுக்குப் பேர் பண்பாட்டுப் பன்மை. திண்ணை, முற்றம், மரத்தூண் என்று அரை மணி நேரம் பேச்சு. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக்கூடாது என்கிற பேச்சே வரலை. அந்தத் தெருவைக் கூட்டினவங்க, கக்கூஸ் அள்ளினவங்க ராத்திரி எங்க போய்ப் படுத்தாங்க? சேரி எந்தத் திசையில் இருந்துச்சு? கையில் கொடுத்த வரைபடத்தில் அது கிடையாது.

ஆனந்தரங்கப்பிள்ளை மாளிகையைக் காட்டினார்கள். துபாஷியாக இருந்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். சம்பாக் கோயிலையும் காட்டினார்கள். முந்தின கோயிலை 1761இல் இங்கிலீஷ்காரன் இடித்தது, இப்போதைய கட்டடம் 1791இல் முடிந்தது, எல்லாம் சரியாகத்தான் சொன்னான். ஆனால் அந்த முந்தின கோயிலுக்குள் நடந்ததை இதே பிள்ளை 1745இல் எழுதி வைத்திருக்கிறாரே, அது எங்கே போச்சு? உள்ளே ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பறையர். மறுபக்கம் சாதிக் கிறித்தவரும் வெள்ளைக்காரரும். இவர்கள் சொல்கிற பல பண்பாடும் ஒரே பக்கமாகத்தான் உட்கார்ந்திருக்கிறது! நம்மாளுங்க பாதிரியார் முன்னால் போய் நின்றார்கள். எல்லாரும் உங்க சீஷர்கள்னா எல்லாரையும் ஒண்ணாத்தானே நடத்தணும் என்று நியாயம் கேட்டு, அந்தச் சுவரை இடிக்க வைத்தார்கள். அயோத்திதாசர் பிறக்க இன்னும் 100 வருசம் இருந்தது. இதைவிடப் பெரிய பாரம்பரியம் இந்த ஊரில் வேறென்ன இருக்கு? அந்தக் கோயில் வாசலில் ஜன்னல் கண்ணாடியின் நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கடற்கரையிலும் இதே கதைதான். இங்கிருந்து துணி போச்சு என்கிறார்கள். மனுசன் போனதைச் சொல்வதில்லை. ஆள்பிடித்து அடிமையாகக் கப்பலேற்றிய கதையும் பிள்ளை நாட்குறிப்பில் உண்டு. பிரெஞ்சுக்காரன் 1848இல் அடிமைமுறையை ஒழித்தான். 1853இல் மார்த்தினிக் தீவின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் போய்ச் சேர்ந்தது. புறப்பட்ட துறை புதுச்சேரி.

புதுச்சேரி மாணவர் தோழர்கள் ஒன்று செய்யலாம். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை நகலெடுத்துக்கொள்ளுங்கள். சேரியிலிருந்து கிளம்பி, வாய்க்கால் வழியாகச் சம்பாக் கோயில் வரைக்கும் நடங்க. ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும் நேரமாகப் பார்த்து, வாசலில் நின்று சத்தமாகப் படிங்க. காசு வாங்காதீங்க.