கத்தோலிக்கக் கல்லூரிகளை மாணவர் நாடுவது ஏன்? நம்பிக்கை என்னும் சொல்லின் இரு பொருள்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் ஒரு காட்சி ஆண்டுதோறும் திரும்ப நிகழ்கிறது. சென்னை லொயோலாவிலும் பெங்களூரு மவுண்ட் கார்மேலிலும் கொல்கத்தா சேவியரிலும் ராஞ்சி சேவியரிலும் விண்ணப்பங்கள் குவிகின்றன. விண்ணப்பிப்போரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் அல்லர், கிறித்தவரும் அல்லர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறித்தவர் 2.3 விழுக்காட்டினர். அவர்களுள்ளும் ஒரு பகுதியினரான கத்தோலிக்கரின் துறவற சபைகள் நடத்தும் கல்லூரிகளுக்கு மற்றவர்கள் இவ்வளவு முண்டியடிப்பது ஏன்?

இதற்குப் பொதுவெளியில் இரண்டு ஆயத்த விடைகள் உள்ளன. 'நல்ல ஆங்கிலம், நல்ல ஒழுக்கம்' என்பது ஒன்று. 'மதம் பரப்பும் மறைமுக ஏற்பாடு' என்னும் ஐயம் மற்றொன்று. முதல் விடை உண்மையின் ஓரத்தை மட்டும் தொடுகிறது. இரண்டாவது விடையால், மூன்று தலைமுறையாக அக்கல்லூரிகளில் படித்தும் தங்கள் சமயத்திலேயே நிலைத்திருக்கும் குடும்பங்களை விளக்க முடியாது. தமிழில் 'நம்பிக்கை' என்னும் ஒரே சொல் சமயப் பற்றையும் குறிக்கிறது, ஒருவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பதையும் குறிக்கிறது. மாணவர்களையும் பெற்றோரையும் இக்கல்லூரிகளுக்கு அழைத்து வருவது இரண்டாம் பொருளிலான நம்பிக்கை. அது எவ்வாறு விளைந்தது, இன்று எந்நிலையில் உள்ளது என்பதே ஆராயத்தக்கது.

சட்டத்தின் நிலையை முதலில் நினைவுகொள்ளலாம். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் எவரையும் அவரது ஒப்புதலின்றி, சிறுவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதலின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் செய்யக்கூடாது என அரசமைப்பின் 28(3) ஆம் உறுப்பு கூறுகிறது. நடைமுறையிலும் பெரும்பாலான கத்தோலிக்கக் கல்லூரிகளில் கத்தோலிக்க மாணவர்க்கு மறைக்கல்வியும் ஏனையோர்க்கு நன்னெறிக் கல்வியும் தனித்தனியே நடக்கின்றன. 1950களின் தொடக்கத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்ற அப்துல் கலாமின் விடுதி வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. இராமேசுவரத்திலிருந்து வந்த இசுலாமிய மாணவரான அவர் திருவரங்கத்து ஐயங்கார் மாணவர் ஒருவருடனும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் ஒருவருடனும் ஒரே அறையில் தங்கினார். மூன்றாம் ஆண்டில் விடுதியின் சைவ உணவகத்துக்கு அவரே செயலாளர். கத்தோலிக்கத் துறவியர் நடத்திய விடுதியில் சைவ உணவகப் பொறுப்பு ஓர் இசுலாமியரிடம் இருந்தது என்பதை இன்றைய சூழலில் ஒருமுறை நிதானமாக எண்ணிப் பார்க்கலாம்.

இந்த நம்பிக்கையை உருவாக்கியவர்கள் ஆசிரியர்கள். 1860 இல் தொடங்கிய கொல்கத்தா சேவியர் கல்லூரியில் இயற்பியல் கற்பித்த இயேசு சபைத் துறவி யூஜின் லஃபோன், ஜகதீச சந்திர போசின் ஆசிரியர். மகேந்திரலால் சர்க்கார் 1876 இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை நிறுவியபோது உடன் நின்றவர். பாரிசில் கணித ஆய்வை முடித்து 1937 இல் இந்தியா வந்த சார்லஸ் ரசீன், லொயோலாவில் கணிதம் கற்பித்தார். அன்றைய பல்கலைக்கழகப் பாடத்திட்டம் எட்டாத நவீனக் கணிதத்தைத் தம் மாணவர்க்கு அறிமுகம் செய்து, திறமையுடையோரை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆற்றுப்படுத்தினார். எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அவ்வழியில் சென்றவர்கள். இருவர் பெயராலும் வழங்கும் 1965 ஆம் ஆண்டுத் தேற்றம் இன்றும் வடிவியலில் அடிப்படையானது. ராஞ்சி சேவியரில் இந்தியும் வடமொழியும் கற்பித்த பெல்ஜியத் துறவி காமில் புல்கே, இராமகதையின் வளர்ச்சியை ஆராய்ந்து அலகாபாத் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவரது ஆங்கில–இந்தி அகராதி இந்தி பேசும் வீடுகள் பலவற்றில் இடம்பெற்றது.

இம்மூவரிடமும் பொதுவாக அமைந்த ஒன்று உண்டு. குடும்பமும் தனிச்சொத்தும் இல்லாத இவர்கள் கல்லூரி வளாகத்திலேயே வாழ்ந்தவர்கள். மாலையில் கதவைத் தட்டும் மாணவனுக்கு அவர்கள் எப்போதும் கிடைத்தார்கள். 'ஃபாதர் பார்த்துக்கொள்வார்' என்று தந்தையர் சொன்னதன் பொருள் இதுவே.

இன்றைய மாணவரின் கணக்கு இன்னும் நடைமுறை சார்ந்தது. தமிழ்நாட்டில் தன்னாட்சி பெற்ற முதல் கல்லூரிகளில் ஒன்று லொயோலா, ஆண்டு 1978. தன்னாட்சி வந்ததும் பாடத்திட்டத்தைக் கல்லூரியே வகுத்துக்கொள்ளவும் தேர்வை உரிய நாளில் நடத்தி முடிவை உரிய நாளில் வெளியிடவும் முடிந்தது. இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். பீகாரில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பு, தேர்வு தள்ளிப்போவதால் நான்காண்டு, ஐந்தாண்டு என இழுக்கப்பட்ட அனுபவம் உடைய குடும்பத்துக்கு அது சிறியது அன்று. அங்கே உரிய காலத்தில் பட்டம் கிடைப்பது ஒரு வேலைவாய்ப்பைக் காப்பாற்றுகிறது; ஒரு பெண்ணின் திருமணப் பேச்சை ஓராண்டு தள்ளிவைக்கவும் உதவுகிறது.

பெண்கல்வியில் இந்நிறுவனங்களின் பங்கைத் தனித்தே பேச வேண்டும். பாட்னா மகளிர் கல்லூரி 1940 இலும் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் 1947 இலும் அருட்சகோதரிகளால் தொடங்கப்பட்டன. திருச்சி ஹோலி கிராஸ், எர்ணாகுளம் செயின்ட் தெரசா ஆகியன அவற்றுக்கும் முந்தியவை. பெண்ணை வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்கத் தயங்கிய குடும்பங்கள், 'சிஸ்டர்கள் நடத்தும் விடுதி' என்ற ஒரு சொல்லுக்காகவே இணங்கின. அந்த இணக்கத்துக்கு ஒரு விலையும் இருந்தது. மாலை ஆறு மணிக்கு மூடப்படும் விடுதிக் கதவு, ஆடை விதிகள், தொலைபேசிக் கட்டுப்பாடு ஆகியவை பெற்றோரின் அச்சத்தைத் தணித்தன; அதே வேளையில் இருபது வயதுப் பெண்ணை நூலகத்திலிருந்தும் கருத்தரங்கிலிருந்தும் அகற்றி வைத்தன. கல்லூரியைத் தேர்வது பல நேரங்களில் தந்தை. விதிகளோடு வாழ்வது மகள். 'மாணவர் தேர்வு' என்னும் தொடரில் இவ்விருவரும் ஒருவராகக் கரைந்துவிடுகின்றனர். பாதுகாப்பையும் கண்காணிப்பையும் பிரித்தறியாத நிறுவனம் பெற்றோரின் நம்பிக்கையைக் காத்துக்கொள்ளும். மாணவியின் நம்பிக்கையை இழக்கும்.

சோட்டா நாகபுரிப் பகுதியில் 'தேர்வு' என்ற சொல்லே வேறு பொருள் கொள்கிறது. கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885 இல் அங்கு வந்தபோது முண்டா மக்கள் நிலவழக்குகளில் சிக்கியிருந்தனர். அவ்வழக்குகளில் அவர் துணைநின்றார். பின்வந்த ஹாஃப்மன், 1908 ஆம் ஆண்டின் சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் உருவாவதில் பங்காற்றியவர். முண்டாரி மொழிக்குக் கலைக்களஞ்சியம் தொகுத்தவர். நிலத்தையும் மொழியையும் காக்க முன்வந்தவர்களின் வழியினர் 1944 இல் கல்லூரி தொடங்கியபோது, பழங்குடி மாணவர் அங்கே சென்றதற்குத் தரவரிசைப் பட்டியல் எதுவும் தேவைப்படவில்லை. மும்பையிலோ பெங்களூரிலோ வசிக்கும் உயர்நடுத்தரக் குடும்பத்துக்குக் கத்தோலிக்கக் கல்லூரி பல வாய்ப்புகளுள் ஒன்று. கும்லாவிலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவிக்கு அது பெரும்பாலும் ஒரே வாய்ப்பு. இருவரையும் ஒரே வினாத்தாளில் 'இக்கல்லூரியை ஏன் தேர்ந்தீர்கள்?' என்று கேட்கும் ஆய்வு, விடையைப் பெறும் முன்பே பிழைபட்டுவிடுகிறது.

தலித் கிறித்தவரின் நிலை இன்னும் கூர்மையானது. 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956 இல் சீக்கியரும் 1990 இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவ, இசுலாமியத் தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர். தமிழ்நாட்டில் கிறித்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். தெருவில் தீண்டாமையை அனுபவிக்கும் மாணவர், சேர்க்கைப் படிவத்தில் அதற்கான ஈடு இன்றி நிற்கிறார். அவருக்குக் கத்தோலிக்கக் கல்லூரியின் சிறுபான்மை இடமே எஞ்சிய வாசல். அவ்வாசல் அவருக்குத் திறக்கிறதா, அல்லது திருச்சபைக்குள்ளேயே சாதியால் மேல்நிற்பவருக்கு முதலில் திறக்கிறதா என்பதே இந்நிறுவனங்களின் உண்மைத் தேர்வு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதை ஆசிரியர் நியமனத்திலும் முதல்வர் இருக்கையிலும் காண்பது இன்னும் அரிதாகவே உள்ளது.

இங்கே சட்டப் பாதுகாப்பின் கேள்வி எழுகிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை 30(1) ஆம் உறுப்பு வழங்குகிறது. நிர்வாகக் குழுவில் வெளியாரைச் சேர்க்கவும் கல்லூரியைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக மாற்றவும் வழிவகுத்த குஜராத் சட்டப் பிரிவுகள் சிறுபான்மைக் கல்லூரிகளைக் கட்டுப்படுத்தா என, அகமதாபாத் சேவியர் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 1974 இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2005 இன் 93 ஆம் திருத்தம் கொண்டுவந்த 15(5) ஆம் உறுப்பு, இட ஒதுக்கீட்டுக் கடமையிலிருந்து சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு அளித்தது. இவ்வுரிமைகள் வலுவாகக் காக்கப்பட வேண்டியவை. இன்றைய அரசியல் சூழலில் இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் ஒரு நிறுவனம் யாரைச் சேர்க்கிறது என்பதுதான் அதன் உள்ளத்தைக் காட்டும். விலக்குப் பெற்றவரின் நீதி, ஒதுக்கீட்டால் கட்டுண்டவரின் நீதியை விட ஒரு படி மேலே இருந்தால்தான் அவ்விலக்குக்கு அறநியாயம் உண்டு.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கையில், அண்மைக்கால மாற்றம் ஒன்று கவலை தருகிறது. பழைய நம்பிக்கை விளைந்த காலத்தில் அரசு உதவிபெறும் வகுப்பும், அரசு ஊதியம் பெற்ற நிலையான ஆசிரியரும், வளாகத்தில் வாழ்ந்த துறவியும் ஒன்றுசேர்ந்திருந்தனர். இன்று அதே வாயிலுக்குள் இரண்டு கல்லூரிகள் இயங்குகின்றன. காலை வேளை உதவிபெறும் பிரிவுக்கு, பிற்பகல் சுயநிதிப் பிரிவுக்கு. பெயர் ஒன்று, இலச்சினை ஒன்று. கட்டணமும் ஆசிரியர் ஊதியமும் வேறு வேறு. இதற்கு அப்பால் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் வந்துள்ளன. பெங்களூரு கிறைஸ்ட் 2008 இலும் மங்களூரு அலோசியஸ் 2024 இலும் நிகர்நிலைத் தகுதி பெற்றன. கொல்கத்தாவில் புனித சேவியர் பல்கலைக்கழகம் 2017 இல் தொடங்கியது. துறவியரின் எண்ணிக்கையோ குறைந்து வருகிறது. மாணவர் இன்று தேர்வது லஃபோனும் ரசீனும் ஈட்டிய பெயரை. பெறுவது ஒப்பந்த ஊதியத்தில் வாரத்துக்கு இருபது மணி நேரம் வகுப்பெடுத்துக் களைத்த ஓர் ஆசிரியரை. பெயருக்கும் பொருளுக்கும் இடையிலான இவ்விடைவெளியைப் பெற்றோர் எத்தனை காலம் கண்டுகொள்ளாமல் இருப்பர்?

நிர்வாகங்களின் மறுமொழியையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். உதவிபெறும் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கின்றன. புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு நிதி தருவதில்லை. ஆய்வகமும் விடுதியும் காற்றில் நடவா. சுயநிதி வருவாயிலிருந்தே ஏழை மாணவர்க்கு உதவித்தொகை வழங்குவதாகவும் அவர்கள் கூறுகின்றனர். இவை பொய்யல்ல. உயர்கல்வியிலிருந்து அரசு பின்வாங்கியதன் சுமையைத் துறவற சபைகள் மீது மட்டும் ஏற்றுவது அநீதி. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: இக்கூற்றுகளைச் சரிபார்க்க வழி எங்கே? சுயநிதிப் பிரிவில் எத்தனை தலித், பழங்குடி, முதல் தலைமுறை மாணவர் சேர்ந்தனர், எத்தனை பேர் பட்டம் முடித்தனர், உதவித்தொகை யாருக்கு எவ்வளவு சென்றது, ஒப்பந்த ஆசிரியரின் ஊதியம் என்ன என்பதைத் தாமே முன்வந்து ஆண்டுதோறும் வெளியிடும் கல்லூரிகள் எத்தனை?

இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. நீதிமன்ற ஆணையும் தேவையில்லை. பார்வையற்ற மாணவர்க்கான வள மையத்தை மும்பை சேவியர் 2003 இல் அமைத்தபோது எந்தச் சட்டமும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. பாளையங்கோட்டை சேவியர் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கு ஒரு துறை கண்டபோது சந்தை அதைக் கேட்கவில்லை. சட்டமும் சந்தையும் கேளாததைச் செய்த தருணங்களில்தான் இந்நிறுவனங்கள் தம் பெயரை ஈட்டின. 1973 இல் இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே, தங்கள் கல்வியின் நோக்கம் பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே என்று முன்னாள் மாணவர்களிடம் கூறினார். சபைப் பள்ளிகளில் படித்தோர் நீதிக்காக உருவாக்கப்படவில்லை என்பதையும் அதே உரையில் அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை இன்றும் வேண்டும்.

எனவே, 'மாணவர் ஏன் கத்தோலிக்கக் கல்லூரியைத் தேர்கின்றனர்' என்ற வினாவோடு இன்னொன்றும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும்: கத்தோலிக்கக் கல்லூரி எந்த மாணவரைத் தேர்கிறது? முதல் வினாவுக்குரிய விடையைக் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் ஆசிரியர்கள் எழுதிவிட்டுச் சென்றனர். இரண்டாவதற்குரிய விடை ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைப் பட்டியலாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது.